நம் செயல்களால் தேவனுடைய சந்தோஷம் கூடுமா, குறையுமா?

ஒலிவமரம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஆதியாகமம் படித்துக்கொண்டிருக்கிறோம். ஜலப்பிரளயத்துக்கு முன்பு, மனுஷனை உண்டாக்கினதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார், "அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது" என்று 6:6 சொல்கிறது. அதை வாசித்ததும் ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, உலகத்தில் பாவம் நடக்காத நிமிடமே கிடையாது. மனந்திரும்புகிறவர்களும் எந்த நேரமும் இருக்கிறார்கள். அப்படியானால் தேவன் ஒரே சமயத்தில் அழுதுகொண்டும் மகிழ்ந்துகொண்டும் இருக்கிறாரா? நாம் நினைத்தால் அவருடைய நிம்மதியைக் கெடுத்துவிட முடியுமா?"

நியாயமான கேள்வி. அவசரப்பட்டுப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பவுல் "நித்தியானந்த தேவன்" என்கிறார். எபேசியருக்கு எழுதும்போது, "தேவனுடைய பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள்" என்கிறார். முடிவே இல்லாத ஆனந்தம் உள்ளவரை எப்படித் துக்கப்படுத்த முடியும்? வசனத்தோடும், சபை வரலாற்றில் பெரியவர்கள் சொன்னதோடும் யாராவது எழுதினால் அடுத்த கூட்டத்துக்கு உதவியாக இருக்கும்.

நெல்லைக்காரன்

சிஸ்டர், வேதம் சொல்வதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. நாம் பாவம் செய்தால் அவர் துக்கப்படுகிறார். மனந்திரும்பினால் சந்தோஷப்படுகிறார். லூக்கா 15:7ல் மனந்திரும்புகிற ஒரே பாவியினிமித்தம் பரலோகத்தில் மிகுந்த சந்தோஷம் உண்டாகும் என்று இயேசுவே சொல்கிறார். செப்பனியா 3:17 இன்னும் ஒரு படி மேலே போகிறது: "அவர் உன்பேரில் கெம்பீரமாய்க் களிகூருவார்." கெம்பீரமாகக் களிகூருகிறவரை உணர்ச்சி இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

சங்கீதம் 78:40ஐயும் பாருங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எத்தனையோ தரம் அவரை விசனப்படுத்தினார்கள் என்று இருக்கிறது. தத்துவம் படித்தவர்கள்தான் இதையெல்லாம் சுற்றி வளைத்துப் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மறைக்கல்வி ஆசிரியர்

நான் கத்தோலிக்கன். எங்கள் மரபு இதற்குச் சொல்லும் பதிலை வைக்கிறேன். நெல்லைக்காரன் சொன்ன வசனங்கள் எல்லாம் எங்களுக்கும் இறைவார்த்தைதான், அதில் வேறுபாடு இல்லை.

1870 ஏப்ரல் 24 அன்று முதல் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுக்கூட்டம்) வெளியிட்ட கொள்கை விளக்கத்தின் முதல் அதிகாரம், கடவுள் தம்மிலும் தம்மாலும் பேரின்பம் நிறைந்தவர் என்கிறது. உலகை அவர் படைத்தது தம் மகிழ்ச்சியைக் கூட்டிக்கொள்வதற்காகவோ, இல்லாத நிறைவைத் தேடிக்கொள்வதற்காகவோ அல்ல. தம் நிறைவைப் படைப்புகளுக்குக் கொடுக்கும் நன்மைகள் வழியாக வெளிப்படுத்தவே என்று அங்கே தெளிவாக இருக்கிறது. படைப்பால் கூடாத மகிழ்ச்சி படைப்பின் தவறால் குறையவும் முடியாது.

இதற்குப் பின்னால் இருப்பவர் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். தம் இறையியல் தொகுப்பின் முதல் பகுதியில் கடவுளின் பேரின்பத்துக்கென்றே தனியாக ஒரு வினாவை ஒதுக்கியிருக்கிறார், 26ஆவது வினா. அவர் செய்யும் ஒரு பிரிவைக் கவனிக்க வேண்டும். அன்பும் மகிழ்ச்சியும் கடவுளிடம் உண்மையிலேயே உண்டு என்கிறார். துயரம், கோபம் இரண்டையும் உருவகமாகவே ஏற்கிறார், ஏனென்றால் துயரப்படுகிறவருக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்று பொருள் வந்துவிடும். இரக்கத்தைப் பற்றியும் சொல்கிறார்: பிறர் துன்பம் கண்டு வருந்துவது கடவுளுக்குரியதல்ல, அந்தத் துன்பத்தை நீக்குவதுதான் அவருக்கு மிகமிக உரியது.

ஆகவே "கடவுளுக்கு உணர்ச்சி இல்லை" என்று எங்கள் மரபு சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய மகிழ்ச்சி நம் கையில் இல்லை என்றுதான் சொல்கிறது. தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரின் அன்புறவில் அது ஏற்கெனவே நிறைவாக இருக்கிறது.

இன்னொன்று. இதைக் கத்தோலிக்கக் கருத்து என்று ஒதுக்கிவிட முடியாது. 1646ல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை பிரஸ்பிட்டேரியர்களுடையது. அதன் இரண்டாம் அதிகாரமும் கடவுள் தாம் படைத்த எதன் தேவையும் இல்லாதவர், ஆனந்தம் முழுவதும் அவரிடமே இருக்கிறது என்கிறது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 விதிகளில் முதல் விதியும் கடவுளுக்கு உடலோ உறுப்புகளோ உணர்ச்சிகளின் தாக்கமோ இல்லை என்கிறது. நெல்லைப் பகுதிச் சபைகளில் பல ஆங்கிலிக்கன் வழியில் வந்து 1947ல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தவை. நண்பரின் முன்னோரும் அந்த விதிகளைக் கேட்டு வளர்ந்திருக்கலாம்.

நெல்லைக்காரன்

ஐயா, 39 விதிகளைச் சொன்னதற்கு நன்றி, தேடிப் படிக்கிறேன். ஆனாலும் விசுவாச அறிக்கை வேதத்துக்குக் கீழேதான். "இருதயத்துக்கு விசனமாயிருந்தது" என்பது வெறும் உருவகம் என்றால், "கெம்பீரமாய்க் களிகூருவார்" என்பதும் உருவகமாகத்தானே இருக்க வேண்டும்? மகிழ்ச்சியை மட்டும் நிஜமாக வைத்துக்கொண்டு துக்கத்தை விலக்குவது நமக்கு வசதியான வாசிப்பு ஆகிவிடாதா?

கடுகுவிதை

நெல்லைக்காரன் அண்ணன் கடைசியில் கேட்டதுதான் என் கேள்வியும்.

எனக்கு இது புத்தக விவாதம் மட்டும் இல்லை. எங்கள் குழந்தை பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. அந்த மாதங்களில் "தேவன் எதாலும் பாதிக்கப்படாதவர்" என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், நான் ஜெபத்தையே விட்டிருப்பேன். என்னைத் தாங்கியது ஏசாயா 63:9. "அவர்களுடைய எல்லா நெருக்கத்திலும் அவர் நெருக்கப்பட்டார்." அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் இப்படிக் கேட்டவர்கள் பலர் துன்பத்துக்குள் இருந்து கேட்டவர்கள். ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததால் பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். 1944 ஜூலை 16 தேதியிட்ட கடிதத்தில், துன்பப்படுகிற கடவுளால் மட்டுமே உதவ முடியும் என்று எழுதினார். அடுத்த ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஜப்பானில் கசோ கிடாமோரி 1946ல், போர் முடிந்த மறு வருடம், தேவனுடைய வேதனையையே மையமாக வைத்து ஒரு முழு இறையியல் நூலை எழுதினார்.

ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 1943ல் ஹாம்பர்க் மீது குண்டு பொழிந்தபோது அங்கே இருந்தார், பள்ளிப் பையன். பக்கத்தில் நின்ற நண்பன் இறந்தான், இவர் பிழைத்தார். பிறகு போர்க்கைதியாக முகாமில் இருந்தபோது ஒரு சாப்ளின் (படையில் ஊழியம் செய்யும் போதகர்) கொடுத்த வேதாகமத்தில் மாற்கு சுவிசேஷத்தை வாசித்தார். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கதறலைப் படித்தபோது, தன்னைப் புரிந்துகொள்கிற ஒருவர் இவர் என்று உணர்ந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1972ல் அவர் வெளியிட்ட, சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றிய நூல் அந்த முகாமில் தொடங்கியது என்றே நான் நினைக்கிறேன். துன்பப்பட முடியாத கடவுளால் அன்புகூரவும் முடியாது என்பது அவருடைய வாதம்.

நானும் அப்படித்தான் நம்புகிறேன். அன்பு வைத்தால் வலிக்கும். வலிக்கவே வலிக்காது என்றால் அதை அன்பு என்று ஏன் சொல்ல வேண்டும்?

மறைக்கல்வி ஆசிரியர்

சகோதரி, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். அந்த வசனம் உங்களைத் தாங்கியது என்றால் அதைவிடப் பெரிய விளக்கம் நான் தர முடியாது.

மோல்ட்மனுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒருவரின் எண்ணத்தை மட்டும் சொல்கிறேன். கார்ல் ரானர், ஜெர்மானிய இயேசு சபைத் துறவி. கடவுளும் என்னைப் போலவே அதே சேற்றில் சிக்கிக் கிடக்கிறார் என்றால், நான் அதிலிருந்து வெளியே வர அது எப்படி உதவும் என்று அவர் கேட்டார். கூட அழுகிறவர் வேண்டும், சரி. ஆனால் அழுகைக்கு ஒரு முடிவு இருக்கிறது என்று சொல்ல, அழுகையில் மூழ்கிவிடாத ஒருவரும் வேண்டும் அல்லவா?

கேரீத்து

ஒரு சின்ன விஷயம், யோபு புத்தகத்திலிருந்து.

"நம் செயல்கள் தேவனைப் பாதிப்பதில்லை" என்பதற்கு எல்லாரும் காட்டுவது யோபு 35:6, 7. நீர் பாவம் செய்தால் அவருக்கு என்ன நஷ்டம், நீர் நீதிமானாயிருந்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்ற வசனங்கள். அதைப் பேசுவது எலிகூ. ஆனால் ஏறக்குறைய அதே கருத்தை 22ஆம் அதிகாரத்தில் யோபுவின் சிநேகிதன் எலிப்பாஸ் சொல்லிவிட்டான்: நீர் நீதிமானாயிருப்பதினால் சர்வவல்லவருக்கு என்ன நன்மை என்று. 42:7ல் கர்த்தர் அந்த எலிப்பாஸைப் பார்த்துத்தான், என் தாசனாகிய யோபுவைப்போல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார்.

அது போக, புத்தகத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். "என் தாசனாகிய யோபின்மேல் கவனம் வைத்தாயோ" என்று கர்த்தரே சாத்தானிடம் கேட்கிறார். யோபின் நீதியால் சர்வவல்லவருக்கு ஒன்றுமே இல்லை என்றால் அந்தக் கேள்வியே எழாது. தம் தாசனைக் குறித்து ஒரு பெருமிதம் அந்தப் பேச்சில் தெரிகிறது.

மறைக்கல்வி ஆசிரியர்

நல்ல கவனிப்பு. ஆனால் அதே புத்தகத்தில், பெருங்காற்றிலிருந்து பேசும்போது கடவுளே 41:11ல் கேட்கிறார்: நான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முன்னதாக எனக்குக் கொடுத்தவன் யார்? ரோமையர் 11:35ல் பவுல் இதை எடுத்தாள்கிறார். எலிப்பாசுக்குக் கிடைத்த கண்டனத்தால் இந்தக் கருத்தே தவறு என்று ஆகிவிடாது. சரியான ஒரு கருத்தைத் துன்பத்தில் கிடந்தவன் முகத்தில் எறிந்தான், அதுதான் அவன் தவறு.

பின்வரிசை

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் என்னால் ஆராதனைக்குப் போக முடியவில்லை. அப்போது ஒரு ஊழியக்காரர் வீட்டுக்கு வந்து, "நீ வராததால் ஆண்டவர் துக்கமாயிருக்கிறார், காணிக்கையும் நின்றுவிட்டது, அவருடைய மனதை நோகடிக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவைத் துடைத்துவிட்டுக்கொண்டே, ஒருபக்கம் ஆண்டவரை அழ வைத்துக்கொண்டிருக்கிறேனே என்று குற்ற உணர்வில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிறகு ஒருநாள் சங்கீதம் 50 வாசித்தேன். "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்; பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே." அன்றைக்குத்தான் மூச்சு விட்டேன். என்னிடமிருந்து ஒன்றும் தேவைப்படாத ஒருவர் எனக்கு ஆண்டவராக இருக்கிறார்! கடுகுவிதை சிஸ்டருக்கு ஏசாயா எப்படியோ, எனக்கு இந்தச் சங்கீதம் அப்படி. தேவனுடைய துக்கத்தைக் காட்டி மனிதரை மிரட்டுவது பெரிய கொடுமை. அவர் சந்தோஷத்தைச் சுமக்கிற பாரத்தை நம் தலையில் அவர் வைக்கவே இல்லை.

கடுகுவிதை

பின்வரிசை, வாசித்துக் கண் கலங்கிவிட்டது. உங்களிடம் அப்படிப் பேசியதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நான் சொல்கிற துக்கம் அது இல்லை. ஓசியா 11ல் கர்த்தர், "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்" என்று தவிக்கிறாரே, அந்தத் துக்கம். ஒருவரைக் கட்டிப்போட அதைப் பயன்படுத்த முடியாது. அதன் முடிவில் வருவது இரக்கம்தான்.

யாபோக்கு

நான் இறையியல் கல்லூரியில் படித்தவன். இரண்டு பக்கமும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஆதிச் சபை இதை மிக விரைவிலேயே சந்தித்தது. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரக்சேயாஸ் என்பவரின் போதனை பரவியது. பிதாவே குமாரனாக வந்து பாடுபட்டார் என்பது அதன் சாரம். ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் அவரை எதிர்த்து எழுதியபோது, பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார். அந்தப் போதனையைச் சபை ஏற்கவில்லை. ஆனால் எதிர்க்கரைக்கும் போகவில்லை. சிலுவையில் வலித்தது இயேசுவின் மனிதப் பக்கத்துக்கு மட்டும், தேவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிரித்துச் சொல்வதையும் மறுத்தது. அலெக்சாந்திரியாவின் பேராயர் சிரில் இதற்காகவே போராடினார். தேவனுடைய வார்த்தையானவர் மாம்சத்தில் பாடுபட்டார் என்று அறிக்கையிடாதவர் சபைக்குப் புறம்பானவர் என்று எழுதினார். 553ல் கான்ஸ்டாண்டினோப்பிளில் கூடிய சங்கம், மாம்சத்தில் சிலுவையில் அறையப்பட்ட இயேசு கிறிஸ்து மெய்யான தேவனும் திரித்துவத்தில் ஒருவருமானவர் என்று உறுதி செய்தது.

அப்படியானால் தேவன் துன்பப்பட்டாரா என்ற கேள்விக்கு, ஆம், கிறிஸ்துவில் உண்மையாகவே துன்பப்பட்டார் என்றுதான் பழைய மரபும் சொல்கிறது. துன்பம் அவரைத் தேடி வந்து பிடித்துக்கொண்டதா, அவரே அதற்குள் இறங்கி வந்தாரா என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்லும். இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது. எருசலேமைப் பார்த்துக் கண்ணீர் விட்டாரே, லூக்கா 19:41, அது நடிப்பல்ல, உருவகமும் அல்ல. நித்தியானந்த தேவனுடைய குமாரன் உண்மையான கண்களால் அழுத அழுகை.

ஆதியாகமம் 6:6க்கு 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் தரும் பதிலையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையோடு பேசும் செவிலித்தாய் மழலையில் பேசுவதுபோல், தேவன் நம் அளவுக்கு இறங்கிப் பேசுகிறார் என்று அவர் வேதத்தின் இப்படிப்பட்ட பேச்சைப் பொதுவாக விளக்குவார். நல்ல விளக்கம்தான். ஆனால் மழலைக்குள்ளும் தாய் சொல்ல வந்த செய்தி இருக்கும். பாவம் தேவனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அந்த வசனத்தைப் படித்தால், மழலையை மட்டும் பிடித்துக்கொண்டு செய்தியைக் கோட்டைவிட்டவர்கள் ஆவோம்.

ஒலிவமரம்

மிகவும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. லூக்கா 15ல் பாவி மனந்திரும்பும்போது பரலோகத்தில் சந்தோஷம் உண்டாகிறது என்றால், அதற்கு முன்பு அந்தச் சந்தோஷம் அங்கே இல்லை என்று ஆகிறது. அப்படியானால் நாம் ஒன்று கூட்டிவிட்டோம் அல்லவா? அந்தத் தம்பி விடமாட்டான், இதைக் கேட்பான்.

மறைக்கல்வி ஆசிரியர்

கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்வி. பழைய கிறிஸ்தவச் சிந்தனையாளர்களான அகுஸ்தீனாரும் அவருக்குப் பின் போயத்தியுசும் சொன்னது இது: கடவுள் காலத்துக்கு உட்பட்டவர் அல்லர். நேற்று, இன்று, நாளை எல்லாம் அவர் முன் ஒரே நோக்கில் இருக்கின்றன. ஊதாரி மகன் திரும்பி வந்த அந்த நொடி நமக்குத்தான் புதிது. அவனைக் குறித்த மகிழ்ச்சி கடவுளிடம் என்றென்றும் இருக்கிறது.

நெல்லைக்காரன்

ஐயா, அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. என்றென்றும் இருக்கிற மகிழ்ச்சி என்றாலும், அவன் திரும்பி வந்ததைக் குறித்த மகிழ்ச்சிதானே அது? அவன் வராமலே போயிருந்தால்? காலத்தை எடுத்துவிட்டாலும், அவருடைய மகிழ்ச்சியில் ஒரு பங்கு அவன்மேல் சார்ந்துதான் நிற்கிறது.

யாபோக்கு

இந்தத் திரியிலேயே கூர்மையான கேள்வி இதுதான் அண்ணே.

எனக்குத் திருப்தி தந்த பதில் சுவிட்சர்லாந்து இறையியலாளர் கார்ல் பார்த்திடம் கிடைத்தது. தேவன் அசைக்கப்படாதவர் என்று பழைய தத்துவம் சொன்னதை அவர் அப்படியே ஏற்கவில்லை. தேவன் உண்மையாகவே மனம் அசைகிறவர், இரங்குகிறவர் என்றார். ஆனால் நம்மைப்போல் வெளியிலிருந்து வருகிற ஒன்றால் பலவீனமாகத் தள்ளப்பட்டு அல்ல. தம்முடைய சொந்த வல்லமையிலும் சுதந்தரத்திலும் அசைகிறார். நம் துன்பம் அவர் இருதயத்தைத் தொடுவதற்கு, அந்த இருதயம் ஏற்கெனவே நமக்குத் திறந்திருப்பதே காரணம்.

இதை லூக்கா 15க்குப் போட்டுப் பாருங்கள். மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு, மனதுருகி, ஓடி வந்தார் (20ஆம் வசனம்). மகன் மனப்பாடம் செய்துவைத்த மன்னிப்புப் பேச்சைச் சொல்லி முடிக்கக்கூட இல்லை. மகன் வந்ததால் வீட்டில் விருந்து நடந்தது உண்மை. அந்தத் தகப்பனுடைய மகிழ்ச்சியில் மகனுக்கு இடம் இருந்ததும் உண்மை. அந்த இடத்தைப் போட்டு வைத்தது தகப்பன். மகன் சம்பாதித்ததில்லை, மகனால் எடுத்துப்போட முடிகிறதுமில்லை. ஆகவே நெல்லைக்காரன் அண்ணன் சொல்லும் சார்பை நான் மறுக்கமாட்டேன். தேவன் தாமே விரும்பி ஏற்றுக்கொண்ட சார்பு அது. தேவையால் வந்ததல்ல.

பின்வரிசைக்குச் சொன்ன அந்தப் பேச்சு ஏன் தவறு என்பதும் இதிலிருந்து தெரியும். நீ வராவிட்டால் அவருக்குக் குறை என்று சொல்கிறவர், தேவனைத் தேவையுள்ளவராக ஆக்கிவிடுகிறார்.

கடுகுவிதை

யாபோக்கு அண்ணா, பார்த் சொன்னதோடு என்னால் ஒத்துப்போக முடிகிறது. ஆனாலும் ஒரு இடத்தில் நான் மோல்ட்மனோடுதான் நிற்பேன். சிலுவையில் குமாரனுக்கு மட்டுமல்ல, குமாரனை இழந்த பிதாவுக்கும் வலித்தது என்று அவர் சொல்கிறார். பிதாவே சிலுவையில் தொங்கினார் என்ற பழைய தவறை அவர் சொல்லவில்லை. குமாரன் மரணத்தை அனுபவித்தார், பிதா குமாரனின் மரணத்தை அனுபவித்தார், இரண்டும் வேறு வேறு துக்கம் என்கிறார். பிள்ளையை இழந்தவளுக்கு அந்த வேறுபாடு புரியும். ஆசிரியர் ஐயா இதை ஏற்கமாட்டார் என்று தெரியும், பரவாயில்லை.

மறைக்கல்வி ஆசிரியர்

ஏற்க முடியவில்லைதான் சகோதரி. ஆனால் இதை உங்களிடமிருந்து கேட்ட பிறகு, இந்தப் பாடத்தை இனி வகுப்பில் எடுக்கும்போது இன்னும் கவனமாகப் பேசுவேன். அக்குவினாஸ் சொன்னதில் துயரத்தைப் பற்றிய வரியோடு நிறுத்திவிடாமல், துன்பத்தை நீக்குவது கடவுளுக்கு மிக உரியது என்ற அடுத்த வரியையும் சேர்த்தே சொல்வேன்.

ஒலிவமரம்

அடுத்த கூட்டத்துக்கு ஆதியாகமம் 6, சங்கீதம் 50, லூக்கா 15, இந்த மூன்றையும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். வேறு ஏதாவது சேர்க்கலாமா?

நெல்லைக்காரன்

1 சாமுவேல் 15 சேருங்கள் சிஸ்டர். சவுலை ராஜாவாக்கினது எனக்கு மனஸ்தாபமாயிருக்கிறது என்று 11ஆம் வசனத்தில் கர்த்தர் சொல்கிறார். "மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல" என்று 29ஆம் வசனத்தில் சாமுவேல் சொல்கிறார். 35ஆம் வசனத்தில் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்று மறுபடியும் வருகிறது. மூன்றும் ஒரே அதிகாரம். எழுதினவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. வாலிபர்களை அந்த மூன்று வசனத்தையும் வரிசையாக வாசிக்கச் சொல்லிவிட்டு, விளக்கம் கொடுக்காமல் முதலில் அவர்களைப் பேச விடுங்கள். 11ஆம் வசனத்தின் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள், சாமுவேல் இராமுழுவதும் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டான் என்று இருக்கிறது.